சோப்பு, தீக்குச்சி, மாத்திரை: மாடு எங்கே, எந்த நிலையில் இருக்கிறது?

சோப்பில் மாட்டுக் கொழுப்பு, சர்க்கரையில் மாட்டு எலும்பு, மாத்திரையில் மாட்டுத் தோல், டயரில் மாடு, கரன்சி நோட்டில் மாடு. வாட்ஸப்பில் இந்தப் பட்டியலைப் பார்க்காதவர்கள் குறைவு. 2021இல் கோவேக்சின் தடுப்பூசியில் கன்றுக்குட்டியின் ரத்தம் இருக்கிறது என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய்யில் மாட்டுக் கொழுப்பு என்று நாடு முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம் எல்லாம் உண்மை என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாம் புரளி என்கிறது, நடுவில் இருப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது.

"இதில் மாடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. மாட்டின் ஒரு பாகம் நம் வீட்டுப் பொருளுக்குள் மூன்று விதமாக வரலாம். மூன்றுக்கும் பதில் வேறு, சட்டம் வேறு, அவரவர் மனசாட்சிக் கணக்கும் வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் எது சரி, எது பாதி சரி, எது நம் ஊருக்கே பொருந்தாது என்பது தெரிந்துவிடும்.

## இறைச்சி போக மிச்சம்

உயிரோடு இருக்கும் மாட்டின் எடையில் சாப்பிடும் இறைச்சியாவது சுமாராகப் பாதி, பல சமயம் அதற்கும் குறைவு. மீதியெல்லாம் தோல், எலும்பு, கொழுப்பு, ரத்தம், குடல், கொம்பு, குளம்பு, சுரப்பிகள். அப்படியே விட்டால் ஒரே நாளில் நாறும். புதைப்பதற்கும் எரிப்பதற்கும் செலவு, விற்க முடிந்தால் வருமானம். ஆகவே யாரோ நம்மை ஏமாற்றத் திட்டம் போட்டு இந்தத் துணைப்பொருட்களை உண்டாக்கினார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. வீணாகப் போக இருந்த ஒன்றுக்கு வாங்க ஆள் தேடிய வியாபாரம் இது, அவ்வளவுதான்.

இந்தியாவைப் பொறுத்தவரை ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாம் "மாடு" என்று பொதுவாகச் சொன்னாலும் இங்கே எருமையின் பங்கு பெரிது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் சுமார் 19.2 கோடி, எருமைகள் சுமார் 11 கோடி. பசு இனத்தின் இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு, வெளிநாட்டுக்குப் போவது எருமை இறைச்சிதான். அதனால் இங்கே தோலாகவும் எலும்பாகவும் தொழிற்சாலைக்கு வருவதில் எருமையுடையது நிறைய இருக்கும், தானாக இறந்த மாட்டினுடையதும் இருக்கும்.

அப்புறம் ஒரு தொழில் நடைமுறை. வெட்டு மிச்சங்களை அரைத்துச் சூடாக்குவார்கள். கொழுப்பு உருகிப் பிரியும், நீர் ஆவியாகும், சக்கையாக மிஞ்சுவது இறைச்சி எலும்புத் தூள். உருகி வந்த கொழுப்பை வடிகட்டினால் அறை வெப்பத்தில் கெட்டியாக உறையும். இதற்குத்தான் டாலோ என்று பெயர். இனி வரும் பல விஷயங்களுக்கு இதுவே வேர்.

## மூன்று நிலைகள்

1. பாகமாகவே இருப்பது. செருப்பு, பெல்ட், கிரிக்கெட் பந்தின் மேல்தோல், கொம்புப் பொத்தான். ஜெலட்டினும் இதில்தான் சேரும். தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் கொஞ்சம் உடைத்தால் கிடைப்பது அது. சோதனைக்கூடத்தில் எந்த விலங்கு என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

2. மூலக்கூறாக மாறிவிட்டது. சோப்பு, கிளிசரின், ஸ்டியரிக் அமிலம் போன்றவை. மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்த ஸ்டியரிக் அமிலமும் பாமாயிலிலிருந்து எடுத்த ஸ்டியரிக் அமிலமும் ஒரே மூலக்கூறு. நன்றாகச் சுத்தம் செய்தபின் பொருளை வைத்து மூலத்தைச் சொல்வது மிகக் கடினம், உற்பத்தியாளரின் கணக்குப் புத்தகம்தான் சொல்ல வேண்டும்.

3. வேலை முடிந்ததும் வெளியேறியது. தயாரிக்கும்போது பயன்படுத்தியிருப்பார்கள், கைக்கு வரும் பொருளில் இருக்காது, அல்லது தடயம் மட்டும் இருக்கும். எலும்புக் கரி, தடுப்பூசிக்கான கன்று ரத்தநீர் எல்லாம் இந்த வகை.

பட்டியலை அனுப்புகிறவர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மறுப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள், மூன்றாவது வகையைக் காட்டி முதல் வகையையும் சேர்த்துப் புரளி என்கிறார்கள்.

## வஜ்ஜிரத்திலிருந்து கேப்ஸ்யூல் வரை

முதல் வகையில் தோல் பொருட்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் போனால் தெரியும். மிருதங்கத்துக்குப் பசு, எருமை, ஆடு என்று மூன்றின் தோலும் வேண்டும் என்பதைக் கச்சேரி கேட்பவர்களில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறார்களோ தெரியாது.

கண்ணுக்குத் தெரியாமல் அதிகம் பயணம் செய்வது கொலாஜன். தோல் துண்டுகளையும் எலும்பையும் வெந்நீரில் ஊறவைத்துக் காய்ச்சினால் பிசுபிசுப்பான சாறு வரும். அதைக் காயவைத்தால் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசை. பழைய மேசை நாற்காலி மூட்டுகளெல்லாம் இதில் ஒட்டியவைதான். உப்புத்தாளில் மணலைப் பிடித்து வைக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள்.

தீக்குச்சியில் இதற்கு முக்கியமான வேலை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் பக்கம் தயாராகும் குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், இன்னும் சில தூள்கள் இருக்கும். அவற்றைக் கலந்து குச்சியில் ஒட்டவைக்கவும், ஒரே நொடியில் வெடித்துச் சிதறாமல் சீராக எரியவைக்கவும் காலங்காலமாகப் பயன்பட்டு வருவது விலங்குப் பசைதான். சாமி விளக்கை ஏற்றும் குச்சியும் அதே மருந்தில் முக்கியதுதான், இதற்கு யாரும் பட்டியல் போட்டு அனுப்பியதாகத் தெரியவில்லை.

அதே கொலாஜனை இன்னும் சுத்தமாக எடுத்தால் ஜெலட்டின். எலும்பிலிருந்து எடுக்கும் முறை சுருக்கமாக:

1. எலும்பை நொறுக்கிக் கொழுப்பை நீக்குவார்கள்.
2. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பல நாள் ஊறவைப்பார்கள். தாது உப்புகள் கரைந்துபோக, ரப்பர் மாதிரி மெத்தென்று ஒன்று மிஞ்சும். அதன் பெயர் ஒசீன்.
3. ஒசீனைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில் வைத்துக் கழுவி, வெந்நீரில் ஜெலட்டினாக இறக்குவார்கள்.
4. இரண்டாவது படியில் கரைந்துபோன தாதுவையும் விடுவதில்லை. சுண்ணாம்பு சேர்த்து டைகால்சியம் பாஸ்பேட்டாகப் படியவைத்துக் கால்நடைத் தீவனத்துக்கும் கோழித் தீவனத்துக்கும் விற்பார்கள்.

அமிலமும் சுண்ணாம்பும் ஏராளமான தண்ணீரும் தேவைப்படும் வேலை என்பதால் கழிவுநீரும் ஏராளம். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்து ஒசீன் ஆலை ஒன்றின் கழிவு சாலக்குடி ஆற்றைக் கெடுக்கிறது என்று ஊர்க்காரர்கள் நெடுங்காலம் போராடியது இதனால்தான்.

ஜெலட்டினின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று மருந்துத் துறை. இரண்டு துண்டாகப் பிரியும் கேப்ஸ்யூலும், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ அடைத்து வரும் மெத்தென்ற கேப்ஸ்யூலும் வழக்கமாக ஜெலட்டின் கூடுகள். மர நார்ச்சத்திலிருந்து செய்யும் கூடும் சந்தையில் உண்டு, லேபிளில் ஹெச்பிஎம்சி என்று போட்டிருக்கும், விலை கூடுதல். 2016இல் மேனகா காந்தி வலியுறுத்தியதை ஒட்டி மத்திய சுகாதார அமைச்சகம் தாவரக் கூடுகளுக்கு மாறுவது பற்றிக் கருத்துக் கேட்டது. ஆனால் அது எல்லா மருந்துக்கும் கட்டாயமாகவில்லை.

ஏன் மாற்றுவது சுலபமில்லை? ஜெலட்டின் ஏறக்குறைய உடல் வெப்பத்தில் உருகும், குளிர்ந்தால் மறுபடி உறையும். வாயில் போட்டதும் கரைகிற மிட்டாயின் ரகசியம் அதுதான். நாம் சைனா கிராஸ் என்று கடையில் வாங்கும் அகர் அகர், மன்னார் வளைகுடாக் கடற்பாசியிலிருந்தும் எடுக்கப்படுவது, முழுக்கத் தாவரம்தான். ஆனால் அது உருக சுமார் 85 டிகிரி வேண்டும். அதனால் அகர் ஜெல்லியை மென்றுதான் சாப்பிட வேண்டும், தானாகக் கரையாது.

புகைப்பட ஃபிலிமையும் சொல்லாமல் விட முடியாது. ஒளியை உணரும் வெள்ளி உப்புத் துகள்களை ஃபிலிமின் மேல் பிடித்து வைத்திருந்தது ஜெலட்டின் படலம். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த எக்ஸ்ரே ஃபிலிமிலும் அதுவேதான். 1920களில் கோடாக் நிறுவனத்தின் சாமுவேல் ஷெப்பர்ட் ஒரு வினோதத்தைக் கண்டுபிடித்தார். சில ஜெலட்டினில் ஃபிலிம் நன்றாக வந்தது, சிலதில் மந்தமாக வந்தது. கடுகு இனச் செடிகளில் இருக்கும் கந்தகச் சேர்மங்களின் தடயம் ஜெலட்டினில் இருந்தால் ஃபிலிமின் உணர்திறன் கூடுகிறது என்று தெரியவந்தது. மாடு எதை மேய்ந்தது என்பது வரைக்கும் போனது விஷயம்.

## கொழுப்பு: இங்கேதான் குழப்பம் அதிகம்

கொழுப்போடு காஸ்டிக் சோடா சேர்ந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். டாலோவில் ஸ்டியரிக், பால்மிட்டிக் அமிலங்கள் நிறைய இருப்பதால் சோப்பு கெட்டியாக வரும், சீக்கிரம் கரையாது. நுரைக்குத் தேங்காய் எண்ணெய் வகை சேர்ப்பார்கள். மேல்நாட்டு சோப்புக் கட்டியின் பழைய சூத்திரமே இந்த இரண்டின் கலவைதான். லேபிளில் சோடியம் டாலோவேட் என்று இருந்தால் விலங்குக் கொழுப்பு, சோடியம் பாமேட் என்றால் பாமாயில்.

இந்தியாவும் ஒரு காலத்தில் சோப்புக்காக மாட்டுக் கொழுப்பை இறக்குமதி செய்தது. அதில் ஒரு பகுதி வனஸ்பதிக்குள் போனது 1983இல் அம்பலமாகி, நாடாளுமன்றம் வரை அமளியானது. மத்திய அரசு மாட்டுக் கொழுப்பு இறக்குமதியைத் தடை செய்தது. அதன்பின் இங்கே சோப்புத் தொழில் பாமாயில், தவிட்டு எண்ணெய் போன்றவற்றின் பக்கம் போய்விட்டது. ஆகவே "எல்லா சோப்பிலும் மாட்டுக் கொழுப்பு" என்ற செய்தி இந்திய சோப்புகளுக்குப் பொருந்தாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வரும் சோப்புக்குப் பொருந்தலாம், உறையைத் திருப்பிப் பாருங்கள்.

கொழுப்பைப் பிளந்து எடுக்கும் ஸ்டியரிக் அமிலத்துக்குப் போகாத இடம் கிடையாது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துக் கெட்டிப்படுத்தும்போது துத்தநாக ஆக்சைடோடு கூட்டாளியாக வேலை செய்வது இதுதான், டயரில் மாடு என்று சொல்வதற்கு அடிப்படை இதுவே. மாத்திரை அச்சில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட்டும் இதன் வழித்தோன்றல். இந்த எல்லாவற்றிலும் மூலம் மாடாகவும் இருக்கலாம், பனையாகவும் இருக்கலாம். டயரை அறுத்துப் பார்த்தாலும் தெரியாது.

கரன்சி நோட்டுக் கதைக்கும் இதே வேர். 2016இல் பிரிட்டன் வெளியிட்ட புதிய 5 பவுண்டு பாலிமர் நோட்டில், பிளாஸ்டிக் தயாரிப்பின்போது சேர்த்த டாலோ வழிப் பொருளின் தடயம் இருப்பதை பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒப்புக்கொண்டது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், அங்குள்ள இந்துக் கோயில்களும் குரல் கொடுத்தன. நம் ரூபாய் நோட்டு பருத்தித் தாளில் அச்சாவது, அந்தச் செய்தியை அப்படியே இங்கே திருப்பிப் போடுவது தவறு.

திருப்பதி நெய் விவகாரத்தின் வழக்கு, அரசியல் எல்லாம் தனி. அதிலிருந்த வேதியியல் சங்கதி இங்கே நமக்கு வேண்டும். நெய்யில் வேறு கொழுப்பு கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனை, மாட்டுக் கொழுப்பையே நேரடியாகத் தேடிப் பிடிப்பதில்லை. பால் கொழுப்பிலுள்ள கொழுப்பு வகைகள் என்னென்ன விகிதத்தில் இருக்க வேண்டுமோ அந்த விகிதத்தில் இருக்கின்றனவா என்று கணக்குப் போடும். விடை 95.68க்கும் 104.32க்கும் இடையில் வர வேண்டும், வெளியே போனால் கலப்படச் சந்தேகம். எந்தக் கொழுப்பு என்று ஊகிக்கத் தனித்தனி சமன்பாடுகள் உண்டு. அவற்றில் பாமாயிலுக்கும் மாட்டுக் கொழுப்புக்கும் சேர்த்து ஒரே சமன்பாடுதான்! இரண்டின் கொழுப்பமில அமைப்பும் அவ்வளவு நெருக்கம். தவிர, மாட்டுக்கு எண்ணெய்ச் சத்து அதிகமான தீவனம் கொடுத்தாலோ, அரைப்பட்டினி போட்டாலோ கூட இந்த எண் தவறாக வரலாம் என்று திருப்பதி நெய்யைச் சோதித்த ஆய்வகத்தின் அறிக்கையே குறிப்பிட்டிருந்தது. ஆக அந்தச் சோதனையை மட்டும் வைத்து "வேறு கொழுப்பு கலந்திருக்கலாம்" என்று சொல்லலாம், "மாட்டுக் கொழுப்புதான்" என்று அடித்துச் சொல்ல முடியாது.

## வந்து வேலை முடித்துப் போகிறவை

சர்க்கரை. மாட்டு எலும்பைக் காற்றில்லாமல் எரித்துக் கரியாக்கி, கரும்புச் சர்க்கரைப் பாகின் நிறத்தை நீக்கும் வடிகட்டியாகப் பயன்படுத்துவது அமெரிக்காவில் சில சுத்திகரிப்பு ஆலைகளில் உண்டு. நம் ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தக டை ஆக்சைடும்தான் வெளுக்கும் வேலையைச் செய்கின்றன. இந்தப் பட்டியலில் நம் ஊருக்கு மிகக் குறைவாகப் பொருந்துவது இதுதான்.

சீஸ். பாலைத் திரிக்க, பால்குடிக்கும் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் பழைய முறை. அதே நொதியை நுண்ணுயிரிகளை வைத்துத் தயாரிக்கும் முறைக்கு 1990இல் அமெரிக்கா அனுமதி தந்தபின் உலகச் சந்தை பெருமளவு மாறிவிட்டது. பனீருக்கு இந்தக் கவலையே வேண்டாம், எலுமிச்சையோ வேறு புளிப்போ போதும்.

தடுப்பூசி. வைரஸை வளர்க்க உயிருள்ள செல்கள் வேண்டும், அந்தச் செல்கள் வளர ஊட்டம் வேண்டும். கோவேக்சினில் வெரோ செல்களை (குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்த செல் வகை) வளர்க்கும் கட்டத்தில், புதிதாகப் பிறந்த கன்றின் ரத்தநீர் பயன்பட்டது. பிறகு செல்களைப் பலமுறை கழுவி, வைரஸை வளர்த்து, செயலிழக்கச் செய்து, சுத்திகரிக்கிறார்கள். முடிவில் வரும் ஊசியில் கன்று ரத்தநீர் கிடையாது என்று 2021 ஜூனில் சுகாதார அமைச்சகம் விளக்கியது. பல வைரஸ் தடுப்பூசிகளுக்குப் பல பத்தாண்டுகளாக இதே முறைதான்.

இன்சுலின் ஒரு காலத்தில் முதல் வகையில் இருந்து, இன்று பட்டியலைவிட்டே வெளியேறியது. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலில் போட்டது மாட்டுக் கணையத்தின் சாறு. அடுத்த அறுபது ஆண்டுகள் உலகின் சர்க்கரை நோயாளிகள் பிழைத்தது மாடு, பன்றிகளின் கணையத்தால்தான். மாட்டு இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் மூன்றே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். 1982இல் பாக்டீரியாவை வைத்து மனித இன்சுலினையே தயாரிக்கும் வழி சந்தைக்கு வந்தபின் கணையத்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது.

## லேபிள் எவ்வளவு சொல்லும்?

உணவுக்குப் பச்சைப் புள்ளி, பழுப்பு முக்கோணம் என்று அடையாளம் உண்டு. சிக்கல், எண்களாக வரும் சேர்பொருட்களில். 471 என்பது ஐஸ்கிரீம், ரொட்டி, கேக்கில் சேர்க்கும் ஒரு கொழுப்புச் சேர்மம், தாவரத்திலிருந்தும் வரும் விலங்கிலிருந்தும் வரும். சுவைகூட்டி 631உம் அப்படியே. 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், குறியீட்டு எண்ணை மட்டும் போட்டுத் தப்பிக்கக் கூடாது, ஒவ்வொரு சேர்பொருளின் மூலமும் தாவரமா விலங்கா என்று உணவு நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் பச்சைப் புள்ளியோடு 471 இருந்தால், அது தாவர மூலம் என்று நிறுவனம் உறுதி சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

மலேசியா, சிங்கப்பூர், வளைகுடாவில் இருக்கும் தமிழர்களுக்கு ஒரு குறிப்பு. மிட்டாயில் ஹலால் முத்திரை இருந்தால் அதிலுள்ள ஜெலட்டின் பன்றியினுடையது அல்ல. அது மாட்டினுடையதாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மாட்டை மட்டும் தவிர்ப்பவர்கள் இந்த முத்திரையை நம்பி வாங்க முடியாது.

உணவுக்கு வெளியே டயர், பிளாஸ்டிக் பை, பெயின்ட் மாதிரியான பொருட்களில் இப்படி அடையாளம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

## விட்டுவிட்டால் என்ன ஆகும்?

பேங்க் ஆஃப் இங்கிலாந்து இந்தக் கேள்வியை மக்களிடமே கேட்டது. கருத்துச் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் விலங்குப் பொருளை எதிர்த்தார்கள். மாற்று என்ன என்றால் பாமாயில். அதை 48 சதவீதம் பேர் எதிர்த்தார்கள், காடழிப்புதான் காரணம். பாமாயிலுக்கு மாறினால் பத்தாண்டில் கூடுதலாக 1.65 கோடி பவுண்டு செலவாகும் என்று கணக்குப் போட்ட வங்கி, 2017இல் டாலோவோடே தொடர முடிவு செய்தது. யாருக்கும் முழுத் திருப்தி இல்லாத முடிவு, ஆனால் கணக்கு மறைக்கப்படவில்லை என்ற அளவில் அது நேர்மையானது என்பேன்.

மிச்சத்தைத் தப்பான இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பிரிட்டன்தான் பார்த்தது. இறைச்சி எலும்புத் தூளை மாட்டுக்கே தீவனமாகப் போட்டதால் பைத்திய மாட்டு நோய் பரவியது. 1988இல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள். 1996இல் அந்த நோய்க்கும் மனிதர்களுக்கு வந்த மூளை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அரசே அறிவித்தது. மூளை, தண்டுவடம் போன்ற பாகங்களைத் தனியே பிரித்து அழிக்க வேண்டும் என்ற விதிகளும், ஜெலட்டினுக்கு எந்த நாட்டு எலும்பு என்று சான்றிதழ் கேட்கும் வழக்கமும் இந்தப் பின்னணியில் வந்தவை.

இப்போது டாலோவுக்குப் புதிய போட்டி கிளம்பியிருக்கிறது. ஹைட்ரஜன் சேர்த்துப் பதப்படுத்தினால் விலங்குக் கொழுப்பும் பழைய சமையல் எண்ணெயும் டீசலாகவும் விமான எரிபொருளாகவும் மாறும். சிங்கப்பூரில் நெஸ்தே நிறுவனத்தின் ஆலை இதைப் பெரிய அளவில் செய்கிறது. கரியமில வாயுவைக் குறைக்கும் எரிபொருளுக்கு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சலுகை தருவதால், எரிபொருள் ஆலைகளால் சோப்புக்காரர்களைவிட அதிக விலை கொடுக்க முடிகிறது. டாலோ அந்தப் பக்கம் போகப் போக, சோப்பு, ரசாயனத் தொழில்கள் மறுபடி பாமாயிலைத்தான் தேடிப் போகின்றன.